குவார்தாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ், டிட்லிஸ். நாட்டின் கிழக்கு ஓரத்தில், கீழ் எங்காதீன் பள்ளத்தாக்கில், 1,653 மீட்டர் உயரத்தில் குவார்தா என்றொரு சிற்றூர் இருப்பது அதிகம் பேருக்குத் தெரியாது. 1622-இல் ஆஸ்திரியப் படை கொளுத்திய ஊர் இது. அதன்பின் எழுந்த வீடுகள்தான் இன்றும் தெருவை நிறைத்து நிற்கின்றன. அவற்றைப் பழமை குலையாமல் காத்ததற்காக 1975-இல் ஊருக்கு, சுவிஸ் பாரம்பரியச் சங்கம் தரும் வாக்கர் பரிசு கிடைத்தது.

முதல் தவறு ரயிலை விட்டு இறங்கியதுமே நடக்கும். நிலையத்தின் பெயர் குவார்தாதான், ஆனால் ஊர் அங்கே இல்லை. 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ‘போஸ்ட் பஸ்’ எனப்படும் மஞ்சள் நிறப் பொதுப் பேருந்து மேலே கொண்டுபோய் விடும். திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு, ஒரு மணி நேரத்தில் பத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. ஒரே ஒரு வீட்டின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சுவரில் இருப்பதை வெறும் ஓவியம் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் கருமையான சாந்து, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. ஈரம் காயும் முன் மேல்பூச்சைக் கீறி எடுத்தால் அடிநிறம் கோலமாய்த் தெரியும். இதற்கு ஸ்கிராஃபிட்டோ என்று பெயர். ஜன்னல்கள் உள்நோக்கிப் புனல்போல் குறுகும்: குளிர் புகக்கூடாது, வெளிச்சமும் வர வேண்டும். வாசற்கதவு ஏன் அவ்வளவு அகலம்? வைக்கோல் வண்டி வீட்டுக்குள் நுழைந்து, பின்னாலிருக்கும் களஞ்சியம்வரை போக வேண்டுமே!

இதையெல்லாம் பார்க்கும் ஆசையில் திறந்திருக்கும் கதவுக்குள் நுழைந்துவிடாதீர்கள். அது மியூசியம் இல்லை, குடியிருக்கும் வீடு. சுவரைத் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். புல்வெளியில் இறங்கிப் படம் எடுப்பது அதைவிடக் கெடுதல். அந்தப் புல்தான் குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனம். மிதித்துச் சாய்த்த புல்லை அறுப்பது பாடு.

இங்கே ஊர்மொழி ஜெர்மன் அல்ல, லத்தீன் வழிவந்த ரோமான்ஷ். எதிரே வருபவரிடம் ‘அலெக்ரா’ என்று ஒரு வணக்கம் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

நவம்பரிலும், பனி உருகும் ஏப்ரல் கடைசியிலும் அறை பதிவு செய்யாமல் போகாதீர்கள். இந்த இடைப்பருவத்தில் விடுதிகள் மூடியிருக்கக்கூடும். மார்ச் 1-ஆம் தேதி வாய்த்தால் விடவே கூடாது. அன்று சாலண்டாமார்ஸ், குழந்தைகள் மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் குளிர்காலத்தை விரட்டுவார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்புன்ஸ் என்று கீரை இலையில் சுற்றிய பண்டம் வரும். பார்த்தால் முழுச் சைவம்போல் இருக்கும், உள்ளே பெரும்பாலும் உலர்ந்த இறைச்சித் துண்டுகள்! பார்லி சூப்பிலும் அப்படித்தான். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.