கோபன்ஹேகனிலிருந்து ஒரு வட்டம்: காட்டேகாட், ஸ்காகெராக் கடலோரக் கோடைக் கார் பயணம்

ஸ்காண்டிநேவியாவுக்கு காரில் போகிறவர்கள் பலரும் வடக்கு, இன்னும் வடக்கு என்று ஓடிப் பாதி விடுமுறையைச் சாலையிலேயே தொலைக்கிறார்கள். கையில் இரண்டு வாரம்தான் என்றால் இந்த வட்டமே தாராளம்: டென்மார்க்கில் கோபன்ஹேகன், ஹெல்சிங்கோர், கடல் தாண்டி ஸ்வீடனில் ஹெல்சிங்போரி, கோத்தன்பர்க், பூஹுஸ்லேன் கடற்கரை, நார்வேயில் ஓஸ்லோ, கிறிஸ்டியன்சாண்ட், அங்கிருந்து கப்பலில் மறுபடி டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ், ஸ்காகன், ஆர்ஹுஸ், மீண்டும் கோபன்ஹேகன். நேர்வழியில் ஏறத்தாழ 1,500 கி.மீ. ஒரு நாளைக்கு 150 முதல் 200 கி.மீ. மட்டும் ஓட்டுங்கள், நகரங்களில் இரண்டிரண்டு இரவு தங்குங்கள்.

ஜூலையில் ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அப்போது பூஹுஸ்லேனின் ஸ்மோகன், ஃபியால்பாக்கா போன்ற சிற்றூர்களில் அறை கிடைப்பது கடினம் என்பதால் அவற்றை முதலில் பதிவு செய்யுங்கள். ஆகஸ்ட் நடுவில் பள்ளிகள் திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும், கடல்நீரும் இதமாகவே இருக்கும். எங்கள் தேர்வு அந்த நாட்கள்தான். ஜூனில் போனால் ஸ்வீடனின் மிட்சம்மர் ஈவ், அதாவது கோடை நடுநாள் விழாவுக்கு முந்தின நாளைக் கவனியுங்கள். 19 முதல் 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை அது. பல கடைகள் மூடிவிடும், சாமான்களை முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டும்.

வாடகைக் காரை எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு நாட்டில் விட்டால் கட்டணம் எகிறும். ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் போகலாம், கப்பலில் ஏற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நார்வேயில் சுங்கச்சாவடியில் நின்று பணம் கட்டும் வேலை கிடையாது. கேமரா எண்பலகையைப் படம் பிடிக்கும், ரசீது வாடகை நிறுவனம் வழியாக வரும். அதன் மேல் சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். மூன்று நாடுகளின் குரோனும் வெவ்வேறு பணம். ஆனால் கார்டு இருந்தால் போதும். ஆளில்லா பெட்ரோல் பம்புகளில் பின் எண் கேட்கும். பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்தும் வைக்கும். இருப்பு குறைவான டெபிட் கார்டு அங்கே கைவிடும்.

ஹெல்சிங்கோரிலிருந்து ஹெல்சிங்போரிக்கு 20 நிமிடக் கப்பல். கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனுக்குப் போகும் ஓரெசுண்ட் பாலம் பெரிதுதான், ஆனாலும் கடலிலிருந்து குரோன்போர்க் கோட்டையைப் பார்க்கவாவது கப்பலில் போகலாம். கோத்தன்பர்க்கில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் மாலை 6:29 வரை நெரிசல் வரி உண்டு, ஜூலையில் இல்லை. அங்கே காரை நிறுத்திவிட்டு டிராமில் சால்ட்ஹோல்மன் போய், கார்களே இல்லாத தெற்குத் தீவுகளுக்குப் படகேறுங்கள். ஒரே டிக்கெட் டிராமுக்கும் படகுக்கும் செல்லும்.

கோத்தன்பர்க்குக்கு வடக்கேதான் இந்தப் பயணத்தின் உயிர் இருக்கிறது. ஈ6 நெடுஞ்சாலையிலேயே போனால் கடலே கண்ணில் படாது. ஸ்டேனுங்சுண்டில் இறங்கி 160-ஆம் சாலையில் திரும்பினால் ஷோர்ன், ஒருஸ்ட் தீவுகள் பாலங்களால் கோத்துக் கிடக்கும். இடையில் குல்மார்ன் நீரிடுக்கைக் கடந்து லீசெஷிலுக்குப் போகும் மஞ்சள் நிறக் கப்பல் சாலையின் தொடர்ச்சியாகவே கருதப்படுவதால் இலவசம்: முன்பதிவு வேண்டாம், வரிசையில் நின்று ஏறலாம். ஸ்மோகனில் மரப்படகுத்துறை ஓரமாக நடந்து பாருங்கள், ஃபியால்பாக்காவில் பாறைப் பிளவு வழியாக உச்சிக்கு ஏறுங்கள். தானும் (Tanum) என்னும் ஊருக்கு அருகே வெண்கலக் காலப் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சாய்வெயில் படும்போதுதான் கோடுகள் தெளிவாகத் தெரியும், அதனால் மாலையில் போங்கள்.

இருட்டுவதற்குப் பத்து மணி ஆகிறதே என்று மாலை ஓட்டத்தை நீட்டிக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அந்தி மங்கலில் மூஸ் என்னும் பெரிய மான் சாலைக்கு வரும். கால்கள் உயரமானவை, கார் மோதினால் பானெட் காலை வாரிவிடும், பல நூறு கிலோ உடல் நேராகக் கண்ணாடி மேல் விழும். நெடுஞ்சாலை வேலி முடியும் இடங்களிலும் காட்டோரக் கிளைச்சாலைகளிலும் வேகத்தைக் குறையுங்கள். எதிரே வந்துவிட்டால் முழு பிரேக் பிடியுங்கள். விலக வேண்டி வந்தால் அதன் பின்பக்கமாக விலகுங்கள், அது பெரும்பாலும் முன்னே நகரும். மோதிவிட்டால் ஸ்வீடனில் காவல்துறைக்குச் சொல்வது சட்டக் கடமை, எண் 112.

மூன்று நாட்டிலும் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ரத்த ஆல்கஹால் வரம்பு ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஆயிரத்துக்கு 0.2 பங்கு மட்டுமே, டென்மார்க்கில் 0.5. நார்வே ஊர்களில் பலகையில்லாச் சந்திப்பில் வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. கோபன்ஹேகனில் வலப்பக்கம் திரும்பும் முன் தோள் திருப்பிப் பார்த்து, நேராகச் செல்லும் சைக்கிளுக்கு வழிவிடுங்கள்.

அபராதம் அதிகம் விழுவது பார்க்கிங்கில். ஸ்வீடன் பலகையில் அடைப்புக்குறியில்லா எண்கள் வேலைநாளுக்கு, அடைப்புக்குறிக்குள் இருப்பவை சனிக்கு, சிவப்பு எண்கள் ஞாயிறுக்கு. டென்மார்க்கில் நேர வட்டை கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். வந்த நேரத்தை அடுத்த கால் மணிக்கு ஏற்றி அமைப்பது முறை. ஓஸ்லோ மையத்தில் தெருவோர இடமே அரிது, புறநகரில் விட்டு மெட்ரோ பிடியுங்கள்.

ஓஸ்லோவிலிருந்து கிறிஸ்டியன்சாண்ட் 320 கி.மீ.; கிராகெரோ, ரீசோர் ஆகிய வெள்ளை மரவீட்டு ஊர்களில் ஒன்றில் இரவு தங்குங்கள். ஹிர்ட்ஸ்ஹால்ஸ் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம், முன்பதிவு அவசியம். ஸ்காகனின் முனையில் இரண்டு கடல்களின் அலைகள் மோதுவதைப் பார்க்கலாம், நீந்தக்கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். ஆர்ஹுஸிலிருந்து ஃபியூன் தீவு வழியாகப் போனால் கிரேட் பெல்ட் பாலத்தில் கட்டணம் உண்டு. ஆர்ஹுஸிலிருந்தே, கோபன்ஹேகன் இருக்கும் தீவின் ஒட்டன் துறைக்குக் கப்பலில் போனால் சுமார் ஒன்றேகால் மணி நேரம் கடலில் ஓய்வு. ஓட்டிக் களைத்தவர்கள் அதையே எடுக்கலாம்.