ஜிர்கோனியா கிரவுனை ஒட்டுவதற்கு முன் புற ஊதா ஒளியூட்டுதல்: தொடக்க நிலைச் செய்முறை

பல் குழியை அடைக்கும் காம்போசிட் (ரெசின் கலவை) நிரப்பியை இறுகச் செய்யும் நீல விளக்கைப் பலரும் புற ஊதா விளக்கு என்றே சொல்லிவருகிறார்கள். 1970-களில் வந்த ஒளியால் இறுகும் நிரப்பிகள் உண்மையில் 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளியில்தான் இறுகின. இன்றைய விளக்குகளோ பெரும்பாலும் 450 முதல் 470 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியைத் தருகின்றன. இங்கே விளக்கப்படுவது இவ்விரண்டும் அல்ல. ஒட்டுவதற்கு முன், வாய்க்கு வெளியே, ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையால் ஆன கிரவுனின் (பல்லின் மேல் மாட்டும் உறையின்) உட்புறத்தைக் குறுஅலைப் புற ஊதாக் கதிரால் தூய்மையாக்கும் முறை.

ஜிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால், போர்சலினுக்குப் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலப் பூச்சு இங்கே பயன் தராது. ஒட்டுதல் பெரிதும், எம்.டி.பி. என்ற பாஸ்பேட் முனை கொண்ட மூலக்கூறு கலந்த பிரைமரையே (சிமென்டுக்கு முன் பூசும் திரவத்தையே) நம்பியிருக்கிறது. அம்மூலக்கூறின் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவையும் மறுமுனை, கிரவுனைப் பல்லோடு ஒட்டும் ரெசின் சிமென்டையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் மேற்பரப்பில் ஓயாமல் படிந்து, பிரைமர் பற்ற வேண்டிய இடங்களை அடைத்துவிடுகின்றன. புற ஊதாக் கதிர் அவற்றைச் சிதைத்து அகற்றுவதால் மேற்பரப்பு நீரை ஈர்க்கும் தன்மையைப் பெறுகிறது. ஒட்டுவலிமை இதனால் எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வக முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே சாண்ட்பிளாஸ்டிங்கையோ (நுண்துகளை வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதையோ) பிரைமரையோ இதற்காகக் கைவிடுவது தவறு.

நோயாளியின் கிரவுனில் தொடங்காமல், கிரவுன் செய்யும் லேபில் மிஞ்சும் ஜிர்கோனியாத் துண்டில் முதலில் பழகுங்கள்.

கிரவுனை வாயில் பொருத்திப் பார்க்கும் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். உமிழ்நீரில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒளியூட்டிய பிறகு பொருத்திப் பார்த்தால் செய்த வேலை வீணாகும். பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவதும் அதே பாஸ்பேட்டைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். தண்ணீரில் நன்கு கழுவி, 50 மைக்ரான் அலுமினாத் துகளால் 1 முதல் 2 பார் அழுத்தத்தில் உட்புறத்தைச் சாண்ட்பிளாஸ்ட் செய்து, அல்ட்ராசோனிக் கிளீனரில் ஆல்கஹாலில் இட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய் கலவாத காற்றால் உலர்த்துங்கள். இதன்பின் விரல் படக்கூடாது. இடுக்கியால் மட்டுமே கையாள வேண்டும்.

அடுத்து, 254 நானோமீட்டர் பாதரச விளக்கு பொருத்திய மூடிய பெட்டியில், உட்புறம் விளக்கை நேராகப் பார்க்கும்படி கிரவுனை வையுங்கள். கதிர் நேராக விழாத இடத்தில் பெரிதாகப் பலன் இராது. கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஒளியூட்டுவோரும் உண்டு. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுவதால் அது வெறும் சடங்கே. ஆய்வுகளில் கால் மணி நேரம் முதல் பல மணி நேரம் வரை ஒளியூட்டியிருக்கிறார்கள்; உங்கள் கருவியின் கையேடு சொல்லும் நேரத்தைப் பின்பற்றுங்கள். இக்கதிர் கருவிழியையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால், பெட்டி திறந்திருக்கும்போது விளக்கு எரியவே கூடாது. சில விளக்குகள் ஓசோனையும் உண்டாக்கும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து இயக்குங்கள்.

பலன் கிடைத்ததா என்பதைப் பயிற்சித் துண்டில் காய்ச்சிவடித்த நீர்த்துளி ஒன்றை விட்டுப் பார்த்தே அறியலாம்: ஒளியூட்டாத துண்டில் துளி குமிழாக நிற்கும், ஒளியூட்டியதில் பரவிப் படியும். ஒட்டப்போகும் கிரவுனில் இச்சோதனை வேண்டாம்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் தாமதமின்றிப் பிரைமரைப் பூசுங்கள். காத்திருக்கும் நேரத்தில் காற்றின் மாசு மீண்டும் படியத் தொடங்கும். ஜிர்கோனியா ஒளியை ஓரளவு மறைப்பதால், தானாகவும் இறுகக்கூடிய டூயல் கியூர் ரெசின் சிமென்டைத் தேர்ந்தெடுத்து, கிரவுனை அழுத்திப் பொருத்தி, விளிம்பில் வழிந்த சிமென்டை நீக்கியபின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீல விளக்கைக் காட்டுங்கள்.