ஊருக்குப் போகும்போது நாயை, பூனையை எங்கே விடுவது?

பூனையை இடம் மாற்றாதீர்கள். தினம் இருமுறை வந்து தீனி வைத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் போதும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பூனையின் ஈரல் கெடலாம். சாவியோடு டாக்டர் எண்ணையும் கொடுங்கள்.

நாய்க்குக் காப்பகம் என்றால், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். மூத்திர நெடியோ காய்ந்த தண்ணீர்க் கிண்ணமோ தென்பட்டால் திரும்பிவிடுங்கள். உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்; தொற்று இருமல் அப்படித்தான் பரவுகிறது. பாக்கி ஊசியை 2 வாரம் முன்பே போட்டுவிடுங்கள். இரவில் ஆள் தங்குவாரா? (கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடும் இடங்களும் உண்டு.) பழகிய தீனியையே, 2 நாள் கூடுதலாகக் கட்டிக் கொடுங்கள், திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதலில் ஓரிரவு மட்டும் விட்டுப் பாருங்கள்.