அமெரிக்கக் காடுகளில் காசில்லாமல் முகாம் போடுவது எப்படி

நேஷனல் பார்க்கும் நேஷனல் ஃபாரஸ்ட்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் எல்லாம் பார்க். அங்கே குறித்த இடத்தில், பெரும்பாலும் முன்பதிவு செய்து பணம் கட்டித்தான் தங்க முடியும். நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. அது வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது, நாடு முழுக்க 154 காடுகள், அவற்றில் பெரும்பாலானவற்றில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, ஏதாவது ஒரு மண்சாலை ஓரமாக, ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் தங்கலாம். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்ற அரசு நில நிர்வாகத் துறையின் நிலங்களிலும் அப்படித்தான். இதற்கு டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று பெயர், வேனிலோ ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியிலோ தண்ணீர், மின்சார இணைப்பு இல்லாமல் தங்கினால் பூண்டாக்கிங் என்பார்கள். தகலாக் மொழியில் மலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது, பிலிப்பைன்ஸுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுவந்தது.

பாதி வேலை வீட்டிலேயே முடிய வேண்டும். ஆப்பில் யாரோ குறித்துவைத்த இடத்தை நம்பி நேரே கிளம்பாதீர்கள், போன வருடம் திறந்திருந்த இடம் இந்த வருடம் மூடியிருக்கலாம். முதலில் அந்தக் காட்டின் எம்.வி.யு.எம். (மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்) வரைபடத்தை எடுங்கள். எந்தச் சாலையில் எந்த மாதங்களில் வண்டி போகலாம் என்று சொல்லும் வரைபடம், வனத்துறை இலவசமாகவே தருகிறது. கறுப்பு வெள்ளையில் முதலில் ஒன்றும் புரியாது, பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்: சாலைக் கோட்டை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருந்தால் அந்தச் சாலையோரம் வண்டியோடு தங்க அனுமதி உண்டு, சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகலாம் என்பதும் அதே தாளில் இருக்கும். அவென்சா என்ற வரைபட ஆப்பில் அதை இறக்கிக்கொண்டால் சிக்னல் போன பிறகும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும்.

அப்புறம் அந்தப் பகுதி வனத்துறை அலுவலகமான ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. சாலை திறந்திருக்கிறதா, என் வண்டி அங்கே போகுமா, நெருப்புக்குத் தடை இருக்கிறதா, இந்த மூன்றும் கேட்டால் போதும். வார இறுதியில் பல அலுவலகங்களில் ஆள் இருக்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடுங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக 14 நாள், சில காடுகளில் 16. அதற்குமேல் இடம் மாற வேண்டும். காட்டையே வீடாக்கிக்கொள்வது சட்டப்படி குற்றம். அரிசோனாவில் செடோனா ஊருக்கு மேற்கே கோகோனினோ காட்டில் கூட்டம் தாங்காமல், இப்போது குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும்தான் தங்க விடுகிறார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அரிசோனாவில் ஒரு தடவை நான் இருட்டிய பிறகு போய், சமமாக இருந்த மணலில் டென்ட் போட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அது ஒரு வறண்ட ஓடையின் நடுப்பகுதி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் எங்கோ மலையில் பெய்யும் மழை, நம் தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். அன்று மழை இல்லை, அதனால் தப்பித்தேன்.

ஏற்கெனவே யாரோ தங்கிய, புல் தேய்ந்த கெட்டியான தரையைத் தேர்ந்தெடுங்கள், புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி இருங்கள். மேலே நிமிர்ந்து பாருங்கள்: வண்டு அரித்துப் பட்டுப்போன மரம் காற்றே இல்லாத இரவிலும் விழும். வண்டியை உள்ளே விடும் முன் இறங்கி நடந்து பாருங்கள், திரும்ப இடம் இருக்கிறதா என்று.

மலம் கழிப்பதைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும், நல்ல இடங்கள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர், பாதை, முகாம் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி, அதாவது சுமார் 70 எட்டு, 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். பேப்பரைப் புதைக்காமல் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். பாலைவன மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது, அங்கே எல்லாவற்றையுமே மலத்தை அடைத்து மூடுவதற்கென்றே விற்கும் வாக் பையில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருவதுதான் சரி. ஆர்.வி.யின் கழிவுநீர்த் தொட்டியை, அதற்கென்றே உள்ள டம்ப் ஸ்டேஷனில் மட்டும் காலி செய்யுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீர் வேண்டும், அதற்குமேலும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்காதீர்கள்.

நெருப்பு விஷயத்தில் கலிஃபோர்னியாவில் கேஸ் அடுப்புக்கே அனுமதிச்சீட்டு வேண்டும், இலவசம்தான். விறகை வெளியூரிலிருந்து கொண்டுபோகாதீர்கள், அதிலிருக்கும் பூச்சி புதிய காட்டுக்குள் பரவிவிடும். அணைக்கும்போது தண்ணீரைக் கொட்டி, கிளறி, மறுபடி கொட்டி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு கிளம்புங்கள். கரடி இருக்கும் பகுதியில் சாப்பாடு மட்டுமல்ல, பற்பசைகூட டென்டுக்குள் இருக்கக்கூடாது. குளிருக்காக டென்டுக்குள்ளேயோ வேனுக்குள்ளேயோ கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் தடவை ஒரே ஓர் இரவு, தார்ச்சாலையிலிருந்து ரொம்ப உள்ளே போகாமல். முடிந்தால் புதனோ வியாழனோ கிளம்புங்கள், வெள்ளி சாயங்காலத்துக்குள் நல்ல இடமெல்லாம் போய்விடும்.