தகடு அடிக்க முதல் அளவு ரேப்பைப் பிடியுங்கோ: லொறிக்காரர் விடுகிற பிழைகள்

2022 ஆனிக் கடைசியில் இலங்கையில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனதும், வன்னியில் லொறி வைத்திருந்த எல்லாருக்கும் காற்றின் மேல் கோபம் வந்தது. லொறியை எதிர்த்துத் தள்ளி டீசலைக் குடிப்பது காற்றுத்தானே, அதுவரை அதை யார் கணக்கெடுத்தது? டீசலுக்குக் கியூஆர் வரிசையில் நின்ற நேரமெல்லாம் கைபேசியில் அமெரிக்க லொறிகளைப் பார்த்தோம். கபினுக்கு மேலே வளைந்த தகடு, பக்கவாட்டில் பாவாடை மாதிரித் தொங்கும் பலகை, பெட்டியின் பின்வாயில் விரியும் மடல்கள். "உதை நாங்களும் அடிச்சா என்ன?" என்று கனபேர் கேட்டார்கள். நான் கேட்காமலே அடித்தேன்.

என்னுடையது திறந்த பொடி, அதாவது மேலே மூடாத சாமான் தட்டு. வவுனியாவில் ஒரு கராச்சில் கபின் கூரைக்கு மேல் இரண்டடி உயரத்துக்குத் தகடு வைத்து, பெயின்றும் அடித்துத் தந்தார்கள். பார்க்க நல்ல எடுப்பு. ஆனால் அந்தத் தகட்டின் வேலை, கபினைவிட உயர்ந்து நிற்கும் பெட்டியின் முன்சுவரில் காற்று முட்டாமல் அதை மேலால் தூக்கிவிடுவது. பெட்டியே இல்லாத லொறியில் எதைத் தூக்கி எங்கே விடுவது? நெல் மூட்டை உயர அடுக்கிப் பொலனறுவைக்குப் போகும்போது கொஞ்சம் பிரயோசனம் இருந்திருக்கலாம். வெறும் பொடியோடு திரும்பும்போது அது கூரையில் நிமிர்த்திக் கட்டின கதவு. மூன்று மாதத்தில் கழற்றி வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போட்டேன். அங்கே இப்போதும் மழைக்கு நல்லாய் உதவுகிறது.

மூடின பெட்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக அடிக்கலாம், உயரம் பார்த்து. தகடு பதிந்தால் காற்று பெட்டியில் முட்டும். மிஞ்சினால் தகடே சுவராகிவிடும். கபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். சோழகம் வீசுகிற மாதங்களில் ஆனையிறவால் போனவர்களுக்குத் தெரியும், காற்று பக்கவாட்டில் வந்து அந்த இடைவெளிக்குள் புகுந்து லொறியைப் பிடித்து இழுக்கும்.

அகல விசயத்தில்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. "அமெரிக்காவில் பக்கத்துக்கு மூன்று அங்குலம் விடுகிறார்கள்தானே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். விடுகிறார்கள், உண்மை. அங்கே 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருந்தெரு லொறிகளின் அகலம் 96 அங்குலத்திலிருந்து 102 ஆனது. அதாவது ஏறக்குறைய 2.6 மீற்றர். சாமான் ஏற்றாத சில பாகங்கள் அதற்கு வெளியே பக்கத்துக்கு மூன்று அங்குலம் நீட்டலாம். ஐரோப்பாவில் பொது எல்லை 2.55 மீற்றர், தடித்த சுவருள்ள குளிரூட்டிப் பெட்டிக்கு மட்டும் 2.60. இந்தியாவில் 2.6. ஒவ்வொரு நாடும் தன் றோட்டைப் பார்த்து எழுதின கணக்கு அது. அவர்களுடைய விலக்கை எடுத்து வந்து மாங்குளம் சந்தியில் பொலிசுக்குக் காட்ட முடியாது. இங்கே உங்கள் லொறியின் பதிவில் உள்ள அளவுதான் பேசும். பொடியை அகட்டுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிவையும் மாற்றிக்கொண்டு அகட்டுங்கள். வெல்டிங்காரரின் "ஒண்டும் வராதண்ணை" விபத்து நடந்த பிறகு காப்புறுதிக் கந்தோரில் எடுபடாது.

பொடியை மட்டும் அளந்துவிட்டு "சரிதான்" என்று நிம்மதியாக இருப்பது அடுத்த பிழை. கயிறு மாட்டுகிற கொக்கி, பின்கதவுப் பூட்டு, பிதுங்கின மூட்டை, இவையெல்லாம் எங்கே போகும்? காலபோக நெல் வெட்டு முடிந்து வைக்கோல் ஏற்றி வருகிற லொறிகளைப் பாருங்கள். கீழே ஏழடி, மேலே பத்தடி. மல்லாவிப் பக்க உள்வீதியில் ஒரு மதகில் எதிரே பஸ் வந்தபோது என் சைட் கண்ணாடி போனது. பொடிக்கும் பஸ்சுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. கண்ணாடி அந்தச் சாணுக்குள் நின்றது. அன்றிலிருந்து நான் ரேப்பை ஒரு பக்கக் கண்ணாடியின் வெளிவிளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புவரை பிடிக்கிறேன். சட்டம் கண்ணாடியைச் சேர்க்கிறதோ இல்லையோ, மதகு சேர்க்கும்.

வெளியே நீட்டுவதற்கு டீசலிலும் கணக்கு உண்டு. காற்று தள்ளுகிற தள்ளு, லொறியின் முகப்புப் பரப்போடு கூடும். 2.3 மீற்றர் அகலப் பொடியை 2.5 ஆக்கினால், உயரம் மாறாவிட்டாலும் அந்த உயரத்தில் முகப்பு ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. இதைச் செய்துவிட்டுப் பக்கத்தில் காற்றுப் பலகை அடிப்பது, ஓட்டை வாளிக்கு மூடி வாங்குகிற வேலை.

அதோடு வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை வேகத்தால் பெருக்கின கணக்கில் ஏறும். 60 இலிருந்து 80 க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அமெரிக்காவில் பக்கப் பலகைக்குச் சொல்கிற 5 சதவீத மிச்சமெல்லாம் நீளமான பெட்டி ட்ரெயிலர், மணிக்கு 100 கிலோமீற்றர் அளவில் விடாமல் ஓடும்போது கிடைப்பது. ஓமந்தை, புளியங்குளம், கிளிநொச்சி என்று சந்திக்குச் சந்தி பிரேக் பிடித்து, மாட்டுக்கு நின்று, உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்து 50 இல் போகிற கன்ரர் லொறிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வேகத்தில் பாரம் ஏற்றின லொறிக்கு ரயர் உருளுகிற இழுவையே காற்றோடு போட்டிபோடும். எனவே முதலில் ரயர்க் காற்று. காலையில் ரயர் சூடாக முதல் கேஜ் வைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது அளவு ஆகாது, எங்கட அப்பா காலத்துப் பழக்கமென்றாலும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பக்கப் பலகை அடிப்பவர்கள், பிளைவூட்டில் அடிக்காதீர்கள். கிரவல் றோட்டில் ஒரு மாரிகூடத் தாங்காது. ஊறி விரிந்து வெளியே தள்ளி அகலத்தைத்தான் கூட்டும். பின்னால் உள்ள இரட்டை ரயரின் நடுவில் கல் செருகியிருந்தாலும் பலகை மறைத்துக் கண்ணில் படாது. பின்பக்க மடலை இங்கே நினைக்கவே வேண்டாம். சிவப்பு லைற்றையும் பிரதிபலிப்புப் பட்டியையும் மறைத்துவிட்டு இரவில் ஏ9 வீதியில் ஓடுவது டீசல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

காசு செலவில்லாத வேலை ஒன்று மிஞ்சுகிறது, சாமானை மூடுகிற படங்கு. தளர்ந்த படங்கு காற்றை உள்ளே வாங்கிப் பலூன் மாதிரி ஊதும். அப்போது லொறியின் அகலமும் கூடும், இழுவையும் கூடும். முன்மூலை இரண்டையும் கீழ்நோக்கி மடித்து, கடித உறையின் வாயை ஒட்டுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று போட்டு, கயிற்றைக் குறுக்குமறுக்காகக் கட்ட வேண்டும். திறப்பு முன்னுக்கு வந்தால் காற்று புகும். ஏற்றின சாமான் ஓட்டத்தில் அமர்ந்துவிடும் என்பதால் புறப்படும்போது இறுக்கின கயிறு ஒரு மணித்தியாலத்தில் தொய்யும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் இறங்கித் தேங்காய் உடைக்கத்தான் போகிறோம். கிளீனர் பொடியன் கச்சான் கடலை வாங்கி வருகிற நேரத்தில் லொறியை ஒருதரம் சுற்றி வந்து ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். முன்மூலையில் இருக்கிறதுதான் அனேகமாகத் தளர்ந்திருக்கும்.