பாசிக்குடாவில் அவசரமில்லாமல் ஒரு நாள்: கூட்டாளிகளோடு போகிறவர்களுக்கு

கூட்டாளிகளோடு கடலுக்குப் போவதென்றால் நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பொதுவாக நடப்பது இதுதான். ஒரு வான் பிடிப்பது, காலையில் கல்லடி, அப்புறம் முகத்துவாரம் வெளிச்சவீடு, பதினொரு மணிக்குப் பாசிக்குடா, அங்கே உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் குளியல், பின்னேரம் இன்னும் ஓர் இடம். போனில் படம் நிறைய சேரும், உடம்புக்கு ஆறுதல் கிடைக்காது, ஒருவரோடு ஒருவர் கதைத்ததும் வானுக்குள் கதைத்ததோடு சரி. ஒரு நாள் முழுக்க ஒரே கடற்கரையில் இருக்கத் தீர்மானித்துப் போங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

இடம் பாசிக்குடாதான் என்று சொல்வேன். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். குடா நன்றாக உள்வாங்கி இருக்கிறது, வெளியே பவளப்பாறை அலையை உடைத்துவிடுகிறது, அதனால் நூறு மீற்றருக்கு மேல் உள்ளே நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. நீச்சல் தெரியாதவரும் தண்ணீரில் உட்கார்ந்து கதைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய சிறப்பு, ஏனென்றால் நீந்தத் தெரிந்த நாலு பேர் கடலிலும் தெரியாத மூன்று பேர் உடுப்புக்குக் காவலாகக் கரையிலும் இருந்தால் அது சேர்ந்து போன பயணம் ஆகாது. பக்கத்தில் உள்ள கல்குடாவில் சனம் குறைவு, மணல் அழகு, ஆனால் அங்கே ஆழமும் அலையும் வேறு. நடந்து பார்க்க அங்கே போங்கள், குளிக்க இங்கே வாருங்கள். அம்பாறைப் பக்கத்துக் கூட்டாளிகள் அறுகம்பே இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்பார்கள். அறுகம்பே அலைச்சறுக்குக்குப் பேர் போன இடம், அதற்கென்று தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

காலம் முக்கியம். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கிழக்குக் கரைக்கு நல்ல காலம். நவம்பர், டிசம்பர், ஜனவரி மழைக்காலம், கடலும் கலங்கிக் கிடக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை), ஞாயிறு, பள்ளிக்கூட விடுமுறை மூன்றையும் தவிருங்கள், ஒரு செவ்வாயோ புதனோ எல்லாரும் லீவு போட முடிந்தால் பாதிக் குடா உங்களுக்குத்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மட்டக்களப்பு இரவு ரயிலில் வந்து வாழைச்சேனையில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்சத் தூரம்தான். ரயில் நேரத்தை மட்டும் முதல் நாளே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்பதைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இது கிழக்குப் பார்த்த கரை. விடிய ஆறு மணிக்கெல்லாம் கடலுக்குள்ளிருந்து சூரியன் வந்துவிடும், பத்து மணிக்குப் பிறகு மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, ஆனால் நாலு மணி ஆகும்போது சூரியன் முதுகுப் பக்கம் போய்த் தென்னைகளின் நிழல் மணலில் நீளமாக விழத் தொடங்கும். ஆகவே ஆறரைக்குத் தண்ணீருக்குள் இருங்கள், ஒன்பதரைக்கு வெளியே வாருங்கள், பத்திலிருந்து மூன்றரை வரை மர நிழலையோ கூரையையோ விட்டு வெளியே வராதீர்கள், நாலு மணிக்கு மறுபடி இறங்குங்கள். இது ஒன்றைச் செய்தாலே இரவு தோள் எரிந்து தூக்கமில்லாமல் கிடக்கத் தேவையில்லை. சன் கிரீம் பூசினாலும் தண்ணீருக்குள் ஒரு பழைய கைநீள ரீசேட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

இனிச் சாப்பாடு. கடற்கரையில் அடுப்பு மூட்டிச் சமைக்கிற வழக்கம் நமக்கு உண்டு, வாசமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கவனித்துப் பாருங்கள், யாராவது இரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள், வெங்காயம் வெட்டவும் சட்டி கழுவவும் என்றே அன்றைய நாளைக் கழித்திருப்பார்கள். அவர்களுக்கும் அது விடுமுறை நாள்தானே? எனவே சமையலை வீட்டோடு வையுங்கள், அல்லது காசு கொடுத்து வாங்குங்கள். காலைக்குப் புட்டும் தேங்காய்ச் சம்பலும் அவித்த முட்டையும் பார்சலாகக் கட்டிக்கொண்டு போகலாம். பாற்சொதியைக் கொண்டுபோக வேண்டாம், வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். மத்தியானத்துக்கு, முதல் நாளே பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் எத்தனை பேர், மீனா நண்டா, உறைப்பு எவ்வளவு என்று சொல்லிவைத்துவிடுங்கள். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகமே இருப்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. சொல்லாமல் போய் நின்றால் பத்துப் பேருக்குச் சோறு கேட்டு ஒன்றரை மணி நேரம் பசியோடு காத்திருக்க வேண்டிவரும், பசி வந்தால் நல்ல கூட்டாளிகளுக்கு இடையிலும் சண்டை வரும்.

இடையில் கொறிக்க வெட்டிய மாங்காயும் உப்பு மிளகாய்த்தூளும், வறுத்த கச்சான் (நிலக்கடலை), அன்னாசி. ஒரு ரிஜிபோம் பெட்டியில் ஐஸ்கட்டி போட்டுத் தண்ணீர்ப் போத்தல்களை வையுங்கள், ஆளுக்குக் குறைந்தது மூன்று லீற்றர் கணக்கு. செவ்விளநீர் வழியில் கிடைக்கும். மது குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது வேண்டவே வேண்டாம், முழங்கால் ஆழத்திலும் ஆள் போய்விடும்.

கடல் அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கவனத்தை விட வேண்டாம். உயிர்காப்பாளர்கள் நிற்கிற, குளிக்கலாம் என்று பலகை போட்ட பகுதியிலேயே இறங்குங்கள். படகுகள் ஓடுகிற பக்கம் போகாதீர்கள். காற்றடைத்த ரியூப்பும் மிதவைப் பாயும் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விசயம்: ஜூன், ஜூலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அதில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் கரையிலிருந்து விலகிப் போவதே தெரியாது. தண்ணீர் அமைதியாக இருப்பதால் பயமும் வராது, அதுதான் ஆபத்து. ஒரு நீளக் கயிற்றால் கட்டி, ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். பவளப்பாறை உள்ள பக்கம் போனால் மேலே ஏறி நிற்காதீர்கள், காலும் கிழியும், பல வருடங்களாக வளர்ந்த பாறையும் உடையும். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டும் எடுத்துவர வேண்டாம். கண்ணாடி அடித்தளப் படகில் போய்ப் பார்க்கலாம், ஏறுவதற்கு முன் விலை பேசி, ஆளுக்கொரு மிதவை அங்கியும் கேட்டு வாங்குங்கள்.

வெயில் நேரத்தை எப்படிப் போக்குவது என்றுதான் பலர் யோசிப்பார்கள். போக்கவே வேண்டாம், அது தானாகப் போகும். ஒரு பன்பாய் விரித்தால் மணல் உதறுவது சுகம், பெட்ஷீட் வேண்டாம். சிலர் தூங்குவார்கள், சிலர் 304 சீட்டு விளையாடுவார்கள், நாலு பேரும் ஆடலாம் ஆறு பேரும் ஆடலாம் என்பதால் யாரும் தனித்துப் போக மாட்டார்கள். போன்களை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு ஒரே ஒரு போனில் மட்டும் படம் எடுப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கை துடிக்கும், அப்புறம் பழைய கதைகள் வரத் தொடங்கும். குழந்தைகளோ பெண்களோ கூட இருந்தால் பக்கத்தில் உள்ள சிறிய விடுதிகளில் பகலுக்கு மட்டும் ஓர் அறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். உடை மாற்ற, நல்ல தண்ணீரில் குளிக்க, சும்மா காற்றாடியின் கீழ் படுக்க ஓர் இடம் இருப்பது அந்தக் காசுக்குப் பெறுமதி.

பின்னேரம் கரப்பந்து போடலாம், கல்குடாப் பக்கம் நடக்கலாம், மறுபடி தண்ணீரில் கிடக்கலாம். ஆறேகால் போலச் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும், இருட்டிய பிறகு கடலில் யாரும் இருக்கக் கூடாது என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். குப்பைக்கு இரண்டு பெரிய பைகள் கொண்டுபோனால் லஞ்ச் ஷீட், போத்தல், இளநீர்க் கோம்பை எல்லாம் அதில் அடங்கும்.

காசுக் கணக்கை அங்கேயே முடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றால் அது இழுபடும், வான் கூலியையும் சாப்பாட்டையும் முதலில் கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுவார். வானில் ஏறும் முன் காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இருக்கையில் ஒட்டிய மணலைக் கூட்டப் போகிறவர் சாரதிதான். இரவுச் சாப்பாட்டுக்கு ஓட்டமாவடியில் கொத்து சாப்பிடுவதென்றால் கிளம்பும்போதே தீர்மானித்துவிடுங்கள், ஏனென்றால் வான் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.