வீட்டு ஆளைக் காவலுக்கு வைக்காதீர்கள்: புதுக் கோச்மார் விடுகிற சில பிழைகள்

திருகோணமலையில் புதிதாகக் கோச்சிங், அதாவது ஆட்கள் தங்கள் பழக்கத்தையோ தொழிலையோ ஒழுங்குக்குக் கொண்டுவர வழிகாட்டுகிற வேலை, தொடங்கியிருக்கிற சிலர் தங்கள் கிளையன்ட்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டங்களை அண்மையில் என்னிடம் காட்டினார்கள். இலக்கு தெளிவாக இருக்கிறது, கிழமை கிழமையாகப் பிரித்திருக்கிறார்கள், எழுத்துக்கூட அழகு. கடைசிப் பக்கத்தில் 'ஆதரவு' என்று ஒரு கட்டம், அதற்குள் 'குடும்பம், நண்பர்கள்'. அவ்வளவுதான். நான் தொடங்கிய காலத்தில் நிரப்பியதும் இதே கட்டம்தான், இதே இரண்டு சொல்தான்.

கிளையன்ட் கதைக்கும்போது குறுக்கே விழாதே, கேட்டதை வெளியே கொட்டாதே என்பதெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை. மூன்று மாதம் நன்றாகப் போன ஆள் ஆறாம் மாதம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறாரே, அதற்குக் காரணமாகிற தவறுகள் வேறு. அதில் ஒன்றைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, மற்றவை குறுகியவை.

வீட்டு ஆளைக் காவலுக்கு வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான்.

உப்புவெளிப் பக்கம் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறவர், ஐம்பதை நெருங்கும் வயது, சீனி வருத்தம். கிளினிக் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார். சாப்பாட்டையும் நடையையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஒரு புதுக் கோச்சிடம் போனார். கோச் முதல் கிழமையே மனைவிக்குப் போன் எடுத்து, "அக்கா, அண்ணை என்ன சாப்பிடுறார் எண்டு நீங்கதான் கவனிக்கோணும், பிழைச்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ" என்று சொல்லிவிட்டார். கேட்டால் நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர், அன்பானவர், மூன்று நேரச் சாப்பாடும் அவருடைய கையில். இதைவிட வேறென்ன வேண்டும்?

நடந்ததைக் கேளுங்கள். சீனிப் போத்தல் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. பிட்டுக்கு இரண்டாம் தரம் கை நீட்டினால் மனைவி ஒன்றும் பேசுவதில்லை, பார்ப்பார், அவ்வளவுதான். ஏ.எல். படிக்கிற மகளும் தன் பங்குக்கு "அப்பா!" என்று இழுப்பாள். கொஞ்ச நாளில் மனிதர் வீட்டில் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, விடுதிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் இறங்கி, பால் தேத்தண்ணியும் பணிசுமாக அந்தக் கணக்கை நேர் செய்யத் தொடங்கிவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது, ஏனென்றால் கோச்சுக்குச் செய்தி போவது மனைவியிடமிருந்துதானே. அடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி ஏறியிருந்தது. பழி யாருக்கு? மனைவிக்கு. "நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது கோபமா அவமானமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இருவரும் பிறகு என்னிடம் வந்தார்கள். மனைவியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த வேலையை நீங்கள் ஒத்துக்கொண்டனீங்களா?" யாரும் கேட்கவே இல்லையாம். அவருக்கே பிரஷர், முழங்கால் நோ, விடுதிச் சமையலும் அவர் தலையில். ஒரு கிளையன்ட்டுக்கு ஆதரவு தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்த வீட்டிலேயே ஆதரவு அதிகம் தேவைப்பட்ட ஆளிடம் இன்னொரு சுமையை ஏற்றியிருந்தோம்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 2000ஆம் ஆண்டில் நைல் போல்ஜர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயோர்க்கில் சட்டத்தரணிப் பரீட்சைக்குத் தயாராகிறவர்களும் அவர்களுடைய துணைகளும் நாள்தோறும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள்: இன்றைக்கு உதவி கொடுத்தேனா, இன்றைக்கு உதவி கிடைத்ததா என்று. துணை உதவி செய்து, பெற்றவர் அதை உதவியென்றே கவனிக்காத நாட்களில்தான் அதிக பலன் தெரிந்தது. 'எனக்கு உதவுகிறார்கள்' என்று அப்பட்டமாகத் தெரிந்த உதவி சில வேளை மனதை இன்னும் கீழே இழுத்தது. ஏனென்று ஊகிப்பது கஷ்டமில்லை, 'உன்னால் தனியாக முடியாது' என்ற சேதியும் அந்த உதவியோடு சேர்ந்தே வருகிறது.

ஆகவே நாங்கள் காவலை எடுத்துவிட்டோம். மெசேஜ் இல்லை, போத்தலுக்குப் பூட்டு இல்லை. மனைவி தானாகவே ஒன்று செய்தார்: வீட்டில் எல்லோருக்கும் கோப்பையைச் சின்னதாக மாற்றி, பிட்டைக் குறைத்து, கீரையும் வல்லாரைச் சம்பலும் கூட வைத்தார். கணவருக்கென்று தனிச் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. அதை அவர் கவனிக்கவே நாளெடுத்தது.

கவனிக்க ஓர் ஆள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அதே வருத்தம் உள்ள ஆள். கிளினிக் வரிசையில் அவருக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். இருவரும் காலையில் டச் பே கடற்கரையில் சந்தித்து, கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்குகிறார்கள். கிளினிக் நாள் முடிந்தால் ஒருவர் கொப்பியை மற்றவர் வாங்கிப் பார்ப்பார். அங்கே காவலும் இல்லை, குற்றவாளியும் இல்லை, இருவருக்கும் ஒரே சீனி. கடைத் தேத்தண்ணிக் கதையை அவர் முதன்முதலில் அவிழ்த்ததும் அந்த ஆசிரியரிடம்தான், என்னிடமில்லை.

புதியவர்கள் இதற்கு எதிராக ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், விங், ஜெஃப்ரி என்ற இருவர் 1999இல் வெளியிட்டது. எடை குறைக்கத் தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 24 சதவீதமானோர்தான் குறைத்த எடையைப் பத்தாம் மாதத்தில் முழுதாகத் தக்கவைத்திருந்தார்கள். மூன்று நண்பர்களையோ உறவினர்களையோ கூட்டிக்கொண்டு வந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் பழக்கப்பட்டவர்களில் 66 சதவீதம். "பார்த்தீங்களா, குடும்பத்தைச் சேர்த்தால் வெற்றி" என்பார்கள். ஐயா, கூட வந்தவர்களும் எடை குறைக்க வந்தவர்கள்! கதிரையில் இருந்து பிரம்பைப் பிடித்தவர்கள் இல்லை. இந்த வித்தியாசம் விளங்காமல் இலக்கத்தை மட்டும் சொல்லித் திரிவதில் பிரயோசனமில்லை.

இன்னொன்று. வீட்டு ஆளைச் சேர்ப்பதென்றால் அவரை நேரில் கூப்பிட்டு, கிளையன்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன செய்ய விருப்பம், என்ன செய்ய மாட்டேன் என்று இரண்டையும் கேளுங்கள். 'மாட்டேன்' என்று ஒன்றாவது வராவிட்டால் அவர் உங்களுக்கு மரியாதைக்குத் தலையாட்டுகிறார்.

ஆறுதல் நிறைய இருக்கிற இடத்தில் இன்னும் ஆறுதல் தேடுவது

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981இலேயே ஆதரவை நான்காகப் பிரித்துவிட்டார்: மனதுக்கு ஆறுதல், கைக்கு உதவி, தேவையான தகவல், 'நான் சரியாகத்தான் செய்கிறேனா' என்பதற்கு நேர்மையான பதில். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

கிண்ணியாவில் தையல் தொழில் தொடங்கிய ஒரு பெண். கணவர் கட்டாரில். தினமும் இரவு பேசுகிறார், இரண்டரை மணித்தியால வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, வேலை முடிந்த கையோடு. உம்மாவும் தங்கையும் எந்நேரமும் "உன்னால ஏலும்" என்கிறார்கள். ஆனாலும் ஓடர்கள் பிந்திக்கொண்டே இருந்தன. அவருடைய கோச் நம்பிக்கையை வளர்க்கப் பயிற்சி மேல் பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கையில் ஒரு குறையுமில்லை, பின்னேரத்தில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதுதான் குறை. அடுத்த வீட்டு ராத்தா பொறுப்பெடுத்தார், பதிலுக்கு அவருடைய சட்டைகள் கூலியில்லாமல் தைக்கப்படுகின்றன. பிரச்சினை தீர்ந்தது.

எனவே 'உங்களுக்கு யார் ஆதரவு?' என்று கேட்காதீர்கள், "அம்மா" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'போன கிழமை எந்த நேரத்தில் இது பிசகியது? அந்த நேரம் பக்கத்தில் யார் இருந்திருந்தால் பிசகியிருக்காது?' என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழு தொடங்குவது

வேண்டாம். காலை வணக்கப் படம் பார்க்க எல்லோருக்கும் ஏற்கெனவே குழு இருக்கிறது.

யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்காமல் விடுவது

இது சின்ன ஊர். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று ஒருவரோடு கதைத்தால் வீட்டுக்குப் போகமுன் செய்தி போய்விடும். குடியை விட முயன்ற ஒரு இளைஞருக்கு அவருடைய கோச், கோயில் நிர்வாகத்தில் இருக்கிற ஒரு பெரியவரைத் துணையாகப் பிடித்துக் கொடுத்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் அந்தத் தம்பிக்குப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த பெண் வீட்டுக்கு அவர் சொந்தம். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. பெயர்ப் பட்டியல் எடுக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் எடுங்கள், யார் காதுக்குப் போகக்கூடாது என்று.

குடி என்று வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளாந்தம் நிறையக் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கும் ஆபத்து. அது முதலில் வைத்தியரின் வேலை, பிறகுதான் உங்களுடையது. மனம் உடைந்து பேசுகிறவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும், அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் முதல் நாளே போனில் போட்டுக் கொடுங்கள். இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

இரவு பத்து மணிக்கும் பதில் போடுவது

நீங்கள் நல்லவர் என்பதைக் காட்ட வேறு வழி இருக்கிறது. உடனே உங்களிடமிருந்து பதில் வந்தால், அவர் வேறு யாரையும் கூப்பிடப் பழக மாட்டார். நீங்கள் ஊருக்குப் போகிற கிழமை விழுவார்.

மாரி வரும் என்பதை மறப்பது

ஆடி மாதத்தில் உட்கார்ந்து 'தினமும் கடற்கரையில் நடை' என்று எழுதுவது சுகம். வடகீழ்ப் பருவமழை நவம்பரில் பிடித்தால் கடற்கரையுமில்லை, கூட நடக்கிற ஆளுமில்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரருக்கு நிலைமை நேர்மாறு, வெளிநாட்டுக்காரர் வருகிற சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்கும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, மழைக்காலத்தில்தான் ஓய்வு. நோன்பு மாதத்தில் நேரம் முழுவதுமே மாறும். திருவிழாக் காலத்தில் வீட்டில் விருந்தாளிகள்.

அதனால் திட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு துணைக்கும் ஒரு மழைக்கால வடிவம் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன இருவரும் மாரியில் ஆசிரியர் வீட்டு விறாந்தையில் அதே நேரத்துக்குச் சந்திக்கிறார்கள். நடை குறைவுதான், ஆனால் சந்திப்பு அறுவதில்லை, தை பிறந்து வெயில் எறித்ததும் பழையபடி கோட்டைக்குள் ஏறிவிடுகிறார்கள்.

கடைசிச் சந்திப்பில் இதையெல்லாம் தொடங்குவது

இரண்டாவது சந்திப்பிலேயே தொடங்குங்கள். பெயர் கிடைத்தால் அழைப்பை உங்கள் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். "வீட்ட போய் ஆறுதலா எடுக்கிறன்" என்கிறவர் எடுக்கப்போவதில்லை. எதிர்ப்பக்கம் மறுத்தால் அதுவும் நல்லதுதான், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அடுத்த பெயருக்குப் போகலாம்.